வால்ட் டிஸ்னி வேர்ல்டு, ஆர்லாண்டோ: யாருக்கு இனிக்கும், யாருக்குக் கசக்கும்

ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் வந்த இரண்டு குடும்பங்களை விசாரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அடுத்த பயணத்துக்கு இப்போதே பணம் சேர்க்க ஆரம்பித்திருப்பார்கள். இன்னொரு வீட்டில், "அவ்வளவு டாலரைக் கொட்டி வெயிலில் வரிசையில் நின்றதுதான் மிச்சம்" என்பார்கள். பூங்காவும் அதேதான், டிக்கெட்டும் அதேதான். இருவரும் சொல்வது உண்மைதான்.

இந்த விமர்சனம் அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களுக்காக. ஊரிலிருந்து அப்பா அம்மா சில மாதம் தங்க வருகிறார்கள். நயாகரா, நியூயார்க், அடுத்து ஆர்லாண்டோ என்று பட்டியல் தானாகவே தயாராகிவிடுகிறது. ஐந்து வயதுப் பேத்தி, பன்னிரண்டு வயதுப் பேரன், மூட்டுவலி உள்ள பாட்டி, எல்லோரும் ஒரே காரில். இந்தக் கலவைக்குத்தான் அந்த இடம் மிகவும் சோதனை வைக்கும். யார் சிரித்துக்கொண்டு திரும்புவார்கள், யார் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவார்கள் என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே பெருமளவு கணித்துவிடலாம்.

முதலில் இடத்தின் அளவு மனதில் பதிய வேண்டும். 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவோடு திறந்தார்கள். 1982இல் எப்காட், 1989இல் இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்படும் பூங்கா, 1998இல் அனிமல் கிங்டம் என்று நான்காயின. மொத்த நிலம் ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். ஒரு பூங்காவிலிருந்து அடுத்ததற்கு எட்டிப் போய்விட முடியாது. பேருந்தோ மோனோரயிலோ படகோ ரோப்காரோ பிடிக்க வேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று கணக்குப் போடுகிறவர்கள் நடுவில் ஒரு மணி நேரத்தைச் சாலையிலேயே தொலைப்பார்கள்.

மேஜிக் கிங்டமுக்குக் காரில் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. கார் நிறுத்துமிடம் பூங்கா வாசலில் இல்லை, ஏரிக்கு இந்தக் கரையில் இருக்கிறது. கட்டணம் கட்டி நிறுத்திவிட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, ஃபெர்ரியிலோ மோனோரயிலிலோ ஏரியைக் கடக்க வேண்டும். "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று ஜிபிஎஸ் சொன்னதற்கும், வாசலில் விரல் ரேகை வைத்து உள்ளே நுழைவதற்கும் நடுவே முக்கால் மணி நேரம் ஆவது சாதாரணம். ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள் என்றால் எட்டு மணிக்குக் கார் அங்கே நிற்க வேண்டும். இது தெரியாத குடும்பம் பத்தரைக்கு உள்ளே நுழைகிறது. அதற்குள் நாளின் சிறந்த மணி நேரம் போய்விடுகிறது. அன்றைய மனஸ்தாபத்துக்கு விதை விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி வரிசை. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்ற வழக்கின் மூல ஆவணமே அதுதான்.

பறக்கும் சிறுவன் பீட்டர் பேனின் கதையை வைத்துச் செய்த பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட் என்ற ரைடை எடுத்துக்கொள்வோம். 1971இலிருந்து ஓடுகிறது. மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கும் சின்னக் கப்பல். இரண்டு பெரியவர், நடுவில் ஒரு குழந்தை உட்காரலாம். இருட்டுக்குள் நுழைந்து, கீழே லண்டன் நகரம் இரவு விளக்குகளோடு மினுக்க, அதன் மேல் பறந்து மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடும். உயரக் கட்டுப்பாடு கிடையாது, அதனால் கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் வருவார்கள். கப்பலோ சிறியது, மணிக்குச் சுமார் ஆயிரம் பேரைத்தான் ஏற்ற முடியும். அதே பூங்காவில் பைரேட்ஸ் படகு ரைடில் ஒரு படகுக்குப் பல வரிசை இருக்கை. மணிக்கு இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றும். ஆகவே கூட்டம் ஒரே அளவு என்றாலும் அங்கே 25 நிமிடம், இங்கே 70 நிமிடம். எந்த ரைடு "நல்லது" என்று மட்டும் பார்த்துப் பட்டியல் போடாமல், எது மெதுவாக ஏற்றும் என்று பார்த்து அதைக் காலையில் முதலில் முடிக்க வேண்டும். பைரேட்ஸை மத்தியானத்துக்கு விட்டுவிடலாம்.

எழுபது நிமிடத்தில் நிஜமாக என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ரைடை நெருங்கும் இடத்தில் இரண்டு பாதைகள் சேரும். ஒன்று நாம் நிற்கும் சாதாரண வரிசை. மற்றொன்று லைட்னிங் லேன், தனியாகப் பணம் கட்டியவர்களுக்கு. சந்திப்பில் ஓர் ஊழியர் நிற்பார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டத்தை நிற்காமல் உள்ளே விட்டு, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்துக்குக் கை காட்டுவார். மறுபடி அந்தப் பக்கம். ரைடின் இடங்களில் பெரும்பங்கு பணம் கட்டிய பாதைக்கே போவதால், முன்னால் முப்பது பேர்தான் நிற்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் நகராது. திருமலையில் சர்வ தரிசனக் கம்பார்ட்மென்டில் உட்கார்ந்து 300 ரூபாய் வரிசை நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அந்த ஒப்புமையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். திருப்பதிக்கு யாரும் ஓய்வெடுக்கப் போவதில்லை. டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாக ஆன்லைனில், திறந்த நிமிடமே பாய்ந்து பிடிக்கிறோம், விடியற்காலையில் எழுகிறோம், மணிக்கணக்கில் நிற்கிறோம், சன்னிதியில் சில நொடி. கோவிந்தா சொல்லிவிட்டு லட்டு வாங்கிக்கொண்டு நிறைவாகத் திரும்புகிறோம். டிஸ்னியை நேசிக்கும் குடும்பங்கள் ஏறக்குறைய இந்த மனநிலையில்தான் போகின்றன. அவர்கள் அந்தக் கதைகளோடு வளர்ந்தவர்கள். அந்த மூன்று நிமிடம் அவர்களுக்குத் தரிசனம். பீட்டர் பேன் யார் என்றே தெரியாத தாத்தாவுக்கு அது இருட்டில் மூன்று நிமிடம், அவ்வளவுதான். லீவு என்றால் காலையில் மெதுவாக எழுந்து காபி குடிப்பது என்று நினைக்கிறவரை இந்த யாத்திரையில் இழுத்துவிட்டால் அவர் முகம் தூக்கிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. குழந்தைகளுக்குக்கூட இது பொருந்தும். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து வாரத்துக்கு ஒரு படம் வீட்டில் போட்டுக் காட்டிய குடும்பத்துக்கும், நேரே போய் இறங்கிய குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

லைட்னிங் லேன் வாங்க வேண்டுமா? மேஜிக் கிங்டமிலும் ஹாலிவுட் ஸ்டுடியோஸிலும் கூட்ட நாளில் வாங்கலாம். அனிமல் கிங்டமில் காலையிலேயே போகிறவர்களுக்குத் தேவையில்லை. முன்பு இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் இப்போது கிடையாது. பழைய வலைப்பக்கங்களைப் படித்துவிட்டுப் போனால் ஏமாற்றம்தான். இன்றைய முறையில் இரண்டு வகை. மல்ட்டி பாஸில் முதலில் மூன்று ரைடுகளுக்கு நேரம் குறிக்கலாம்; ஒன்றை முடித்ததும் அடுத்ததைச் சேர்க்கலாம். விலை ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று, தேதிக்குத் தேதி மாறும். டிரான், ஃப்ளைட் ஆஃப் பேசேஜ் போன்ற மிகக் கிராக்கியான ரைடுகளுக்கு சிங்கிள் பாஸ் தனியாக வாங்க வேண்டும். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு 7 நாள் முன்னதாகவும் மற்றவர்களுக்கு 3 நாள் முன்னதாகவும், ஃப்ளோரிடா நேரம் காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனிக்க: உங்களுக்கு அது விடிகாலை 4 மணி.

சிக்கனமாகச் செய்ய ஒரு வழி. இதைக் குடும்பம் மொத்தத்துக்கும் வாங்க வேண்டியதில்லை. டிஸ்னியின் ஆப்பில் யார் யாருக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். பெரிய ரைடில் ஏறப் போகாத தாத்தா பாட்டிக்கு வாங்குவது வீண்.

அடுத்த பிரச்சினை உயரம். ஒரே குடும்பத்தை வாசலிலேயே இரண்டாகப் பிரிப்பது இதுதான். டிரானுக்கு 122 செ.மீ., ஸ்பேஸ் மவுன்டனுக்கும் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்டுக்கும் ஃப்ளைட் ஆஃப் பேசேஜுக்கும் 112, டவர் ஆஃப் டெரருக்கு 102, செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெய்னுக்கும் ஸ்லிங்கி டாக் டேஷுக்கும் 97. வாசலில் அளவுகோல் வைத்து அளப்பார்கள். அரை அங்குலம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. கிளம்பும் முன்பு காலணியோடு சுவரில் நிறுத்தி அளந்து, எதில் ஏறலாம், எதில் முடியாது என்று குழந்தையிடம் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்த் தெரிந்தால் அழுகை. முன்பே தெரிந்தால் சின்ன முணுமுணுப்பு.

உயரம் போதாத குழந்தை இருந்தால் ரைடர் ஸ்விட்ச் என்ற வசதியைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் கிடையாது. அப்பா பெரிய பிள்ளையோடு ஏறும்போது அம்மா சின்னவளோடு வெளியே இருக்கலாம். அவர்கள் வந்ததும் அம்மா முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். பெரிய பிள்ளைக்கு இரண்டு முறை ஏறும் யோகம். ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் எல்லோரும் சேர்ந்து போய், வரிசையில் நுழையும் முன்பே கேட்க வேண்டும். பாதி வரிசையில் நினைவு வந்தால் தாமதம்.

மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்பது நம்மவர்களை மிகவும் இழுக்கும் தூண்டில். அந்த இலவசக் குழந்தைக்காக ஒரு பெரியவரின் 150 டாலர் நாள், ஸ்ட்ரோலர் நிறுத்துமிடத்திலும் டயபர் மாற்றும் அறையிலும் கரைகிறது. ஆள் உயர மிக்கியைப் பார்த்து இரண்டு வயதுக் குழந்தை அலறுவதும் அடிக்கடி நடப்பது. குழந்தைக்காகவே போவதென்றால் ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் போங்கள். பத்து வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். கையால் இழுக்கும் வேகனை உள்ளே விடமாட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட ஸ்ட்ரோலர் எடுத்துப் போவது நல்லது, ஒரு நாளில் 10 கிலோமீட்டர் நடை அங்கே சர்வசாதாரணம்.

பெரியவர்கள் விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மூத்த குடிமக்கள் சலுகை விலை இங்கே இல்லை. வீல்சேர் இருந்தால் வரிசையைத் தாண்டிவிடலாம் என்பது பழைய நம்பிக்கை. பெரும்பாலான வரிசைகளை வீல்சேர் போகும்படியே கட்டியிருக்கிறார்கள், ஆகவே எல்லோரோடும்தான் போக வேண்டும். இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்காட்டில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கும் பாதை மட்டுமே ஒரு சுற்று கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். (அந்தப் பதினொன்றில் இந்தியா இல்லை. மாமனார் கட்டாயம் கேட்பார், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.)

அவர்களுக்கு நிஜமாகவே பிடிக்கும் இடங்களும் உண்டு. எப்காட்டில் லிவிங் வித் த லேண்ட் என்ற படகுப் பயணம் மண்ணில்லாமல் காய்கறி வளர்க்கும் கண்ணாடிக் குடில்களுக்குள் போகும். விவசாயம் தெரிந்தவர்கள் இறங்கவே மனமில்லாமல் இறங்குவார்கள். அனிமல் கிங்டமில் கிளிமஞ்சாரோ சஃபாரி, திறந்த வண்டியில் சுமார் 20 நிமிடம், நிஜ யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம். காலையில் போனால் விலங்குகள் நடமாடும். வண்டி நன்றாகக் குலுக்கும், முதுகு வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். மேஜிக் கிங்டமில் கரௌசல் ஆஃப் புரோகிரஸ், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. ஏசி அரங்கில் இருபது நிமிடம் உட்காரலாம் என்பதே மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரிய வரம். பீப்பிள்மூவர் பத்து நிமிடம் மெதுவாகக் காற்று வாங்கச் சுற்றிவரும், ஆனால் அதன் ஏறும் மேடை சுழன்றுகொண்டே இருக்கும். முழங்கால் பிரச்சினை உள்ளவரை ஒருவர் கைப்பிடித்து ஏற்ற வேண்டும். தவிர்க்க வேண்டியது எப்காட்டின் மிஷன்: ஸ்பேஸ், குறிப்பாக ஆரஞ்சு வகை. ஆளை நிஜமாகவே சுழற்றி விசையைக் கூட்டும் எந்திரம் அது. உள்ளே வாந்திப் பை வைத்திருக்கிறார்கள், அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

தாத்தா பாட்டிக்கு ஒரு நாள் டிக்கெட் போதும் என்பது எங்கள் கணிப்பு. மிச்ச நாட்களில் ஒரு நாள் காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கென்னடி விண்வெளி மையத்துக்கு அழைத்துப் போங்கள். நிஜ சாட்டர்ன் 5 ராக்கெட்டும் அட்லாண்டிஸ் விண்கலமும் கண்முன் இருக்கின்றன. செய்தித்தாளில் நிலவுப் பயணத்தைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அதுதான் தரிசனம்.

இன்னொன்று, சங்கடமான விஷயம், யாரும் எழுதுவதில்லை. கழிப்பறை சுத்தம், ஆனால் தண்ணீர் கிடையாது, காகிதம்தான். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இதனாலேயே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பையில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை அதற்கென்றே வைத்துவிடுங்கள். குடிக்க ஐஸ் தண்ணீர், கவுன்டர் உணவகங்களில் கேட்டால் இலவசம்.

சாப்பாடு. வெளி உணவு கொண்டுபோகலாம் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் உதிரி ஐஸ் கட்டியும்தான் கூடாது. ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலோடு கொண்டுபோனால் சோதனையில் நிறுத்துவார்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ளோரிடா வெயிலுக்குப் புளிசாதமும் எலுமிச்சைச் சாதமும் தாங்கும். தயிர்சாதத்தைத் தயிர் விட்டுப் பிசைந்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். குழைய வடித்த ஒரு கப் சாதத்துக்கு இரண்டு கப் காய்ச்சி ஆறிய பால், இரண்டு ஸ்பூன் தயிர், கொஞ்சம் உப்பு. காலை ஏழு மணிக்குப் பிசைந்து ஜெல் ஐஸ்பேக்கோடு வைத்தால் ஒரு மணிக்குச் சரியாக இருக்கும். உள்ளே வாங்குவதென்றால் மெனுவில் இலைக் குறி போட்டது முழுக்கத் தாவர உணவு, கேள்வி கேட்காமல் வாங்கலாம். அனிமல் கிங்டமில் சட்டூலி கேன்டீனில் டோஃபு போட்ட சோற்றுக் கிண்ணம் கிடைக்கும். அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலில் இருக்கும் சனா என்ற உணவகத்தில் நான் ரொட்டி வகைகளோடு வரிசையாகச் சட்னிகள் தருவார்கள், ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரை மேயும். பூங்கா டிக்கெட் இல்லாமலே போகலாம். மேசை முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும்.

பணம். தேதியையும் பூங்காவையும் பொறுத்து ஒரு நாள் டிக்கெட் ஏறக்குறைய 120 முதல் 200 டாலர். நாட்கள் கூடக்கூட நாள் விலை குறையும். சராசரி 150 என்று வைத்தால் ஆறு பேருக்கு மூன்று நாள் 2,700 டாலர், 6.5 சதவீத வரி தனி. இதற்குக் கிடைப்பது என்ன என்று ஆடிட்டர் மாதிரிக் கணக்குப் பார்த்தால் தூக்கம் வராது: நாளுக்கு எட்டு ரைடு, ஒன்று ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் 40 நிமிடம். அப்படிக் கணக்குப் பார்க்கும் மனம் உள்ளவர் குடும்பத்தில் இருந்தால் (நம் வீடுகளில் ஒருவராவது இருப்பார்) நாளெல்லாம் அந்தக் கணக்கு வாய்விட்டுக் கேட்கும், மற்றவர்களின் நாளும் கெடும். நேசிக்கிறவர்கள் வேறு விதமாகக் கூட்டுகிறார்கள். ஊர்வலம், வாணவேடிக்கை, குழந்தை சட்டையில் குத்தியிருக்கும் பிறந்தநாள் பட்டனைப் பார்த்துப் போகிற வருகிற ஊழியர் எல்லாம் பெயர் சொல்லி வாழ்த்துவது, எங்கும் குப்பை கண்ணில் படாதது. அந்தப் பட்டன் இலவசம், விருந்தினர் சேவை மையத்தில் கேளுங்கள். மேஜிக் கிங்டமின் தெருக்களுக்குக் கீழே ஊழியர்களுக்கென்றே சுரங்கப் பாதைகள் ஓடுகின்றன. மேலே வேடம் கலைந்த ஓர் ஆளைக்கூடப் பார்க்க முடியாததன் ரகசியம் அதுதான். இந்த நுணுக்கத்தை ரசிக்கிறவருக்கு வரிசையில் நிற்கும்போதும் பார்க்க ஏதாவது இருக்கும்.

பல ரைடுகளின் வெளிவாசல் ஒரு கடைக்குள்தான் திறக்கும். "ஒவ்வொரு கடையிலும் மறுப்பது" என்ற வேலையிலேயே பெற்றோர் களைத்துவிடுவார்கள். முதல் நாளே பிள்ளைக்கு 40 டாலர் கிஃப்ட் கார்டைக் கையில் கொடுத்து, இதுதான், தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லிவிடுங்கள். தன் பணம் என்றதும் அதே குழந்தை விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்க ஆரம்பிக்கும்.

கொடுத்த காசுக்கு நாலு நாளும் நாலு பூங்கா என்று அடுக்குவதுதான் நாங்கள் பார்க்கும் தவறுகளில் முதன்மையானது. மூன்றாம் நாள் மத்தியானம் யாராவது ஒருவர் வெடிப்பார், அது குழந்தையாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மூன்று நாள் டிக்கெட்டை 5 நாட்களுக்குள்ளும் நாலு நாள் டிக்கெட்டை 7 நாட்களுக்குள்ளும் பயன்படுத்தலாம் என்ற சலுகை இதற்காகவே இருக்கிறது. மேஜிக் கிங்டம் ஒரு நாள், மறுநாள் ஓட்டல் நீச்சல்குளம், அடுத்த நாள் அனிமல் கிங்டம் அரை நாள், அதற்கடுத்து எப்காட் மாலையில். பூங்கா நாளிலும் 12 முதல் 4 வரை வெளியேறித் தூங்கிவிட்டு வர முடிந்தால் உத்தமம். அதற்கு டிஸ்னி ஓட்டல் வசதி. தினமும் அரை மணி முன்னதாக உள்ளே விடுவதும் அதோடு வரும். பெரியவர்கள் கூட இருந்தால் கிஸ்ஸிமி பக்கம் சமையலறையோடு வீடு எடுப்பதே மேல். சூடாக ரசம் கிடைத்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

எப்போது போவது? பள்ளி லீவுதான் என்று கட்டாயமானால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தையும் ஈஸ்டரை ஒட்டிய வாரங்களையும் மட்டுமாவது விடுங்கள். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் கூட்டம் குறைவு, ஆனால் புயல் காலம். கோடையில் மத்தியான இடிமழை கிட்டத்தட்ட தினசரி வழக்கம். மின்னல் நெருங்கினால் திறந்தவெளி ரைடுகள் எல்லாம் நிற்கும். ஓடிப்போய்க் காரில் உட்காராதீர்கள். வெளியிலிருந்தே மலிவாக வாங்கி வந்த பிளாஸ்டிக் மழை அங்கியைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உள்ளரங்கில் ஒதுங்கினால், மழை விட்டதும் பாதிக் கூட்டம் கலைந்த பூங்கா கிடைக்கும். ஹாலோவீன், கிறிஸ்துமஸ் விருந்து இரவுகளில் சாதாரண டிக்கெட்காரர்களை மேஜிக் கிங்டமிலிருந்து மாலை 6 மணிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் பகல் கூட்டம் குறைவு, ஆனால் வாணவேடிக்கை கிடையாது. எது வேண்டும் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, இந்தப் பயணத்தை வெறுக்கிறவர் பெரும்பாலும் அதைத் திட்டமிட்டவராகவே இருப்பார். பதிவு, சாப்பாட்டு ஆர்டர், அடுத்த ரைடின் நேரம் எல்லாம் ஒரே ஆப்பில், ஒருவர் நாள் முழுக்க ஃபோனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் "அடுத்து எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காலை ஒருவர், மாலை ஒருவர் என்று ஃபோன் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கே சார்ஜ் தீர்ந்துவிடும், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஆளுக்கொன்று வேண்டும்.

பூட்டும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசைக்குள் நுழைந்துவிட்டாலும் ரைடில் ஏற்றித்தான் அனுப்புவார்கள். அந்த நேரத்தில் பலகையில் போட்டிருப்பதைவிடக் குறைவாகவே நிற்க வேண்டியிருக்கும், ஆகவே பீட்டர் பேன் காலையில் தவறியிருந்தால் இதுவே இரண்டாவது வாய்ப்பு. வாணவேடிக்கை முடிந்ததும் கூட்டத்தோடு ஓடாதீர்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் அரை மணி உட்காருங்கள், கடைகள் திறந்திருக்கும். பிறகு ஃபெர்ரியைப் பிடியுங்கள், ஒரு நடைக்கு 600 பேர் ஏற்றும், மோனோரயில் வரிசையைவிடச் சீக்கிரம் கரையும். தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டிருப்பவர் கீழ்த்தளத்திலேயே நிற்கட்டும். அக்கரையில் இறங்கியதும் ஆயிரக்கணக்கான கார்கள். நிறுத்திய பகுதியின் பெயரையும் வரிசை எண்ணையும் காலையிலேயே படம் எடுத்து வைத்திருப்பீர்கள்; அந்த ஃபோனில் அப்போதும் சார்ஜ் இருக்க வேண்டும்.